புது கேம்ஷாஃப்டுக்கு முதல் 20 நிமிடம்

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். 1969 செவ்ரோலே கமாரோ காரின் 350 (கன அங்குலம்) இன்ஜினை நானே பிரித்துக் கட்டினேன். கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு), லிஃப்டர் (அதன் அசைவை வால்வுப் பக்கம் கடத்தும் சிறு உருளை) எல்லாம் புதுசு. 300 மைல்கூட ஓடவில்லை, டக் டக்கென்று சத்தம். திறந்தால் ஒரு கேம் லோப் (தண்டில் லிஃப்டரைத் தூக்கும் மேடு) மழுங்கி உருண்டையாகிக் கிடக்கிறது. மட்டமான கேமை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: கேம் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால், முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வகை ஃப்ளாட் டாப்பெட் லிஃப்டரின் அடிப்பாகம் பார்க்கத் தட்டையாக இருந்தாலும் லேசாகக் குவிந்திருக்கும், லோபும் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். அதனால்தான் லிஃப்டர் மேலும் கீழும் போகும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. சுற்றாமல் நின்றுவிட்டால் அந்த லோபின் கதை சில நிமிடங்களில் முடிந்தது. இன்னொன்று, லோபுகளுக்குப் பெரும்பாலும் க்ராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டு) சுழன்று வாரியிறைக்கும் எண்ணெய்தான் கிடைக்கிறது. ஸ்லோவில் விட்டால் அது போதாது. அதனால் இன்ஜின் பற்றியதுமே 2000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், 2000-க்கும் 2500-க்கும் இடையே ஏற்றி இறக்கியபடி 20, 30 நிமிடம் ஓட்ட வேண்டும்.

எனக்கே இந்த அனுபவம் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்பாமல், டைமிங்கும் சரியாக வைக்காமல் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன், லோபில் தடவியிருந்த பசையெல்லாம் வழிந்துபோய் இரண்டு லோப் தேய்ந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

அடுத்த முறை இன்டேக் மேனிஃபோல்டைப் பூட்டும் முன் ஒவ்வொரு லிஃப்டர் தலையிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, க்ராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். கோடு மெல்ல நகர வேண்டும். நகராத லிஃப்டரை அப்படியே விடாதீர்கள். இரட்டை வால்வு ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இந்த முதல் ஓட்டத்தை முடியுங்கள். எண்ணெயும் முக்கியம்: கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக இன்றைய கார் எண்ணெய்களில் தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க், பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள், அதனால் பிரேக்-இன் (முதல் ஓட்டத்துக்கான) எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கேமை மட்டும் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள். தேய்ந்த இரும்புத்தூள் எண்ணெயோடு எல்லா இடத்துக்கும் போயிருக்கும். முழுசாகப் பிரித்து, எண்ணெய் வழிகளைப் பிரஷ் விட்டுக் கழுவி, பேரிங்குகளையும் பாருங்கள். பழைய லிஃப்டரைப் புது கேமில் ஒருபோதும் போடக்கூடாது.

கேள்வி: அதே 350-ஐ 30 ஓவர்சைஸ் போர் செய்திருக்கிறேன், அதாவது சிலிண்டரை 0.030 அங்குலம் பெரிதாகக் குடைந்திருக்கிறேன். பெட்டியில் வந்த பிஸ்டன் ரிங்கை அப்படியே போடலாமா?

பதில்: அளக்காமல் போடாதீர்கள். சாதாரணமாக ரோட்டில் ஓடும் வண்டிக்கு, போர் (சிலிண்டர் விட்டம்) அங்குலம் ஒன்றுக்கு 0.004 அங்குலம் என்பது மேல் ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிக்குப் பழகிய கணக்கு, 4.030 அங்குல போருக்குச் சுமார் 0.016 வரும். ரிங்கைப் பிஸ்டன் தலையால் நேராக உள்ளே தள்ளி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி சிலிண்டரைக் கீறிவிடும், பிஸ்டனே உடையலாம். ரிங் முனையில் அரம் போடுவதானால் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக.