நெட்டில் பொடி இரும்பு மாத்திரைக்கு ஈடாகுமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஹீமோகுளோபின் 9.2 என்று வந்ததால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது. என் நாத்தனார் நெட்டில் கீரைப் பொடி ஒரு டப்பா கொடுத்து, "தினம் ஒரு ஸ்பூன் வெந்நீரில் கரைத்துக் குடி, மாத்திரையே வேண்டாம்" என்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா? பச்சை இலை கிடைத்தால் சமைக்கலாமா? தொட்டாலே அரிக்கும் செடி ஆயிற்றே!

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். உணவு ஆலோசகராக இந்தப் பொடி டப்பாவைப் பலர் கையில் பார்க்கிறேன். நெட்டில் நல்ல கீரை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் பெருமை இரும்பில் இல்லை.

கொதிநீரில் போட்டு எடுத்த நெட்டில் இலை 100 கிராமில் இரும்பு சுமார் 1.6 மில்லிகிராம்தான். வேகவைத்த பசலைக்கீரையில் இதைப்போல் இரண்டு மடங்கு உண்டு. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு அமெரிக்கப் பரிந்துரைப்படி நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் வேண்டும். பொடியில் தண்ணீர் போய்விடுவதால் எண்கள் பெரிதாகத் தெரியும். டப்பாவில் 100 கிராமுக்கு 30 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கரைப்பது ஒரு ஸ்பூன், அதாவது 2 அல்லது 3 கிராம். கணக்குப் போட்டால் 1 மில்லிகிராம்கூட வராது. உங்கள் மாத்திரையில் பெரும்பாலும் 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். போதாததற்கு, செடிகளில் உள்ள இரும்பை உடம்பு குறைவாகத்தான் ஈர்க்கும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் கொஞ்சம் கூடும், கூடவே டீ, காபி குடித்தால் குறையும்.

வயிற்றுப் புரட்டலுக்கு வழி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது, வேறு வகை மாத்திரைக்கு மாறுவது என்று பல உண்டு. இதில் எது உங்களுக்குச் சரி என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். 9.2 என்பது தள்ளிப்போடுகிற அளவு இல்லை.

சரி, அந்தக் கீரையின் உண்மையான பலம் என்ன? சுண்ணாம்புச்சத்து. அதே 100 கிராமில் சுமார் 480 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே எடைப் பாலில் இருப்பதைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! அவ்வளவும் உடம்பில் சேர்ந்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் ஒரு கீரைக்கு இது பெரிய அளவு. நார்ச்சத்து 7 கிராம் அளவுக்கு உண்டு, உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் இருக்கிறது. கலோரியோ 42தான். பால் பிடிக்காதவர்களுக்கு இதை நான் மனதாரச் சொல்வேன்.

அரிப்பைப் பற்றிப் பயம் வேண்டாம். இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய முடிகள் ஊசி மாதிரி. தொட்டதும் நுனி ஒடிந்து அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களைத் தோலுக்குள் செலுத்திவிடும். கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டால் அந்த முடிகள் துவண்டு வேலை நின்றுவிடும். நன்றாகக் காயவைத்துப் பொடித்தாலும் அப்படியே. பறிக்கும்போதும் கழுவும்போதும் கனமான கையுறை போடுங்கள். நுனியில் உள்ள இளம் இலைகளை மட்டும், செடி பூப்பதற்கு முன் எடுங்கள். பூத்த பிறகு முற்றிய இலைகளில் சுண்ணாம்புத் துகள்கள் சேர்ந்து நறநறக்கும், சிறுநீர்ப் பாதையையும் உறுத்தலாம். சாலையோரச் செடியும் கழிவு கொட்டும் இடத்துச் செடியும் வேண்டவே வேண்டாம், மண்ணில் உள்ள கன உலோகங்களை இது உறிஞ்சிவைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, அரிக்கிற செடியெல்லாம் நெட்டில் இல்லை. செந்தட்டி என்று பலர் சொல்லும் செடி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. நன்கு அடையாளம் தெரிந்தவர் காட்டாமல் எதையும் பறித்துச் சமைக்காதீர்கள்.

வீட்டில் யாராவது வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுக்கிறார்களா? இந்தக் கீரை 100 கிராமில் வைட்டமின் கே சுமார் 500 மைக்ரோகிராம், நாள் தேவையைப் போல் நான்கைந்து மடங்கு. அது மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவர்களும் கர்ப்பிணிகளும் பொடியையோ கீரையையோ தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு அந்த மாதிரி மருந்து எதுவும் இல்லையென்றால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே வாரத்தில் ஓரிரு நாள் கீரையாகச் சமைத்துச் சாப்பிடுங்கள்.