உப்பு, வெல்லம், தண்ணீர் – கடிதம்

வணக்கம்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். விஞ்ஞானிகள் சமூகத்தை எப்படி மாற்றுகிறார்கள் என்று பாடம் நடத்தும்போது ஒரு மாணவி, "கம்பெனிக்காரர்கள்தானே மாற்றுகிறார்கள்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சாதாரண ஜனங்களுக்கு அறிவியல் புரியப்போவதில்லை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நம்மவர்களுக்கு ஏன் அதிகம் நோபல் கிடைப்பதில்லை?

எம்.

அன்புள்ள எம்.,

நோபலை விடுங்கள். அந்த மாணவியை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். ஆனால் "சாதாரண ஜனங்களுக்குப் புரியப்போவதில்லை" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஒரு ஆசிரியர் எழுதுகிற வரியா இது? கொஞ்ச நாளாகவே மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் நினைவாக இருந்தேன். உங்கள் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறது.

1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்க எல்லையில், போங்காவில் குவிந்திருந்தார்கள். காலரா. மருத்துவமனையின் இரண்டு அறைகளிலும் தரை முழுக்க நோயாளிகள். நரம்பில் சலைன் ஏற்ற வேண்டுமென்றால் பேதியிலும் வாந்தியிலும் முட்டி போட்டு உட்கார வேண்டியிருந்தது என்று அங்கே வைத்தியம் பார்த்த மஹலனாபிஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து டிரம்களில் நிரப்பி வைத்தார். அதை மொண்டு மொண்டு ஊட்டியது யார்? நோயாளிகளின் அம்மாக்களும் அண்ணன் தம்பிகளும்தான். 100 பேரில் 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவர் குழு பார்த்தவர்களில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது.

குளுக்கோஸ் குடல் சுவர் வழியாக உள்ளே போகும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தே போகின்றன என்பதை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இலேயே விளக்கிவிட்டார். 1968இல் டாக்காவில் மருத்துவர்கள் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் நிரூபித்தும் காட்டினார்கள். நம்பத் தயங்கியவர்கள் படித்த டாக்டர்கள். வாய்வழியாகக் கொடுப்பதெல்லாம் ஒரு வைத்தியமா என்று நினைத்தார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தையின் கைக்குழந்தைக்குப் பேதி. "தண்ணி காட்டாதே, இன்னும் போகும்" என்றார்கள். குழந்தை நாக்கை நீட்டி நீட்டி உதட்டை நக்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் இல்லை. அந்தக் கிழவிகளைத் திட்டாதீர்கள். குடலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தெருவுக்கு யாராவது வந்து சொல்லியிருந்தால் போதும்.

வங்கதேசத்தில் வந்து சொன்னார்கள். அந்நாட்டுத் தொண்டு நிறுவனமான பிராக் அமைப்பின் பெண்கள் 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகப் போனார்கள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். சொல்லிவிட்டு வருவதில்லை, அந்த அம்மாவையே கலக்க வைத்தார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து என்பதால், தாய்மார் கலந்ததை எடுத்துப்போய் ஆய்வகத்தில் சோதித்தார்கள். பிறகு வேறொருவர் போய் அந்த அம்மாவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி! நம் பள்ளிகளில் இப்படிச் சம்பளம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கற்றுக்கொண்டார்கள், எம். அவர்களுக்குப் புரிந்தது.

அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலம் (இதே உப்பு, குளுக்கோஸ் கலவைதான்) சும்மாவே கொடுப்பார்கள். ஒன்று வாங்கிப்போய், அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் அந்த மாணவியையே வகுப்பில் கலக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும். அவள் கேள்விக்கு அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.