கொட்டகையில் நிற்கும் ஹெரால்டு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பாவின் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவுக் கார், வைக்கோல் கொட்டகையில் நிற்கிறது. 2012-இல் முழுதாகப் புதுப்பிக்கத் தொடங்கினார். இன்ஜினும் கியர் பாக்ஸும் கழற்றி ஓரமாக இருக்கின்றன. பாடி, அடிச்சட்டமான சேஸ் மேலேயே இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிச் சாம்பல் பிரைமர் அடித்திருக்கிறார். உதிரிகள் உரச் சாக்கிலும் பிஸ்கட் டின்னிலும் கிடக்கின்றன. கஜா புயலில் கூரை சரிந்து பின்கண்ணாடி உடைந்தது, அதன்பின் அவர் வண்டியைத் தொடவில்லை. தவறி மூன்று வருஷம் ஆகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான். நான் திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை ஊருக்கு வருவேன். காயலான் கடைக்கு எடைக்குப் போடலாம் என்கிறான் தம்பி. சென்னையிலிருந்து ஒருவர் பானட்டும் கியர் பாக்ஸும் மட்டும் கேட்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அப்பா வாங்கிய சாமான்களை எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது. வைத்துக்கொள்வதா, விற்பதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் முடிவெடுக்கும்வரை வண்டி அப்படியே காத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். காத்திருக்காது. அப்பா அடித்த சாம்பல் பிரைமர் மேலே பெயிண்ட் ஏறும்வரைக்கான பூச்சுதான். அதில் நுண்துளைகள் உண்டு, ஈரத்தை உறிஞ்சித் தகரத்தோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். பத்து வருஷத்துக்கு மேல் டெல்டா காற்றில் நின்ற பிரைமருக்கு அடியில் துரு ஓடியிருக்கும். எனவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, விற்பதானாலும் வைப்பதானாலும், ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

வைக்கோலை முழுதாக அப்புறப்படுத்துங்கள். அது ஈரம் பிடிக்கும், எலிக்கும் வீடு. மண் தரையில் கெட்டியான பாலித்தீன் விரித்து, அதன்மேல் கட்டை வைத்து, சேஸை நான்கு இடத்தில் தாங்குங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம்தான் சேஸின் அடிப்பக்கத்தைத் தின்கிறது. கருவேலம் அல்லது வைரம் பாய்ந்த பனைத்துண்டு போதும். தென்னை வேண்டாம், நடுப்பகுதி மெத்தென்று இற்றுவிடும். ஹாலோ பிளாக்கும் வேண்டாம், பாரத்தில் திடீரென்று வெடிக்கும். தார்ப்பாயை வண்டிமேல் போர்த்தாதீர்கள், அடியில் வியர்த்துக்கொள்ளும். கூரையாகக் கட்டி, வண்டிமேல் பழைய பருத்தி வேட்டி போடுங்கள்.

பிறகு சேஸைச் சோதிக்க வேண்டும். உங்கள் கேள்விக்குப் பெரும்பகுதி விடை அங்கேதான் இருக்கிறது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு: நடுவே முதுகெலும்பு போல இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். கைகள் துருப்பிடிப்பது சகஜம், வெட்டியெடுத்துப் புதிதாகச் செய்து பற்றவைக்கலாம். நடுச் சட்டங்கள் போனால்தான் சிக்கல். சிறு சுத்தியால் சாணுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ணங் என்று பேசும், இற்றது மொத்தென்று அடங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின்பக்கம் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) மாட்டும் இடத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள். பாடியில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் புட்டி. அப்புறம் முன்னிடது மூலையிலிருந்து பின்வலது மூலைக்கும், முன்வலதிலிருந்து பின்னிடதுக்கும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் 5 மில்லிமீட்டருக்குள் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை.

சேஸின் கைகளை மாற்றப் பாடியைத் தூக்க நேர்ந்தால், முதலில் கதவு வாசல்களின் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துப் பற்றவையுங்கள். இந்தப் பாடி முன், பின் என்று இரண்டு துண்டாகப் போல்ட் போட்டுச் சேர்த்தது. முட்டு இல்லாமல் தூக்கினால் வளைந்துவிடும், பிறகு கதவுகள் எந்நாளும் சரியாக மூடாது.

இன்ஜின் 948 சிசி, நான்கு சிலிண்டர். நின்றுபோனதைப் பேட்டரி வைத்துச் சுற்ற முயலாதீர்கள், பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் உடையும். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். அசையாவிட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். அது சுற்றினால், புல்லியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் உள்ளே கிராங்க்கை முன்பின் நகராமல் பிடிக்கும் அரைநிலா வடிவ திரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. இந்த இன்ஜின் குடும்பத்தின் பழைய வியாதி இது. கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் கழன்று விழும், கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து போகும்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லவேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் கீழ்முனை, டிரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரையால் இறங்கி, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழல்கிறது. அதற்கு ஊற்றவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். நம் ஊர்ப் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டதும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் போகாது, தண்ணீர் போகும். தண்டு துருவேறி ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிப் படுக்கும். உங்கள் வண்டியில் இரண்டு பக்கமும் தண்டையும் டிரனியனையும் புதிதாக மாற்றிவிடுங்கள். சுவாமிமலையும் நாச்சியார்கோவிலும் பக்கத்தில் இருப்பதால் வெண்கலத்தில் வார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்த வார்ப்புக்காரர்களின் கைகளின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் இந்த மரைக்கு அது வேண்டாம். இங்கிலாந்தில் இதே வண்டி ட்ரையம்ப் ஹெரால்டு என்று 1971 வரை வந்தது, சரியான பாகம் அங்கே இன்றும் புதிதாக விற்கிறது. டயரிலும் கவலையில்லை, 145/80 ஆர்13 ரேடியல் பொருந்தும். கிடைக்காமல் அலையவைப்பவை இந்த வண்டியைச் செய்த சென்னைத் தொழிற்சாலைக்கே உரிய முத்திரைகள், கிரில், கண்ணாடி போன்றவை.

அதனால்தான் பானட்டும் கியர் பாக்ஸும் மட்டும் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். ஹெரால்டில் பானட் என்பது மட்கார்டும் மூக்கும் சேர்ந்த வண்டியின் முன்பாதி. அது போனால் மிச்சம் எடைக்குத்தான் போகும். தம்பி சொல்வது அப்போது தானாகவே நடந்துவிடும்.

ஆர்.சி. விஷயம் இதைவிட அவசரம். அப்பா பெயரில் இருக்கும்வரை நீங்கள் சட்டப்படி யாருக்கும் விற்க முடியாது. விற்பனைக்கான 29, 30 படிவங்களில் உரிமையாளர் கையெழுத்து வேண்டும். முதலில் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மா, தம்பி இருவரின் சம்மதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இறந்து மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டியது இது, தாமதத்துக்கு அபராதம் வரும். பழைய புத்தக ஆர்.சி. என்றால், எண் அரசின் வாகனப் பதிவுக் கணினியான ‘வாகன்’-இல் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாவிட்டால் பழைய பதிவை ஏற்றச் சொல்லி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். சேஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெல்டரோ மணல்வீச்சோ தொடக்கூடாது.

50 வருஷம் தாண்டியதால் 2021-இல் வந்த விண்டேஜ் பதிவுக்கும் இது தகுதி பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை, வண்டி அசல் வடிவில் இருக்கவும் வேண்டும். மாருதி இன்ஜின் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் இதைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். நடுச் சட்டங்கள் நன்றாக இருந்து, எண்ணும் ஒத்து, நோட்டில் உள்ளவற்றில் முக்கால்வாசி சாக்குகளில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதம் ஒருநாள் வந்து நீங்களே முடிப்பது நடக்காது, தேர்ந்த கைக்கே இது நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. திருப்பூர் பக்கம், நீங்கள் வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கக்கூடிய பட்டறைக்கு வண்டியை நகர்த்துங்கள். சேஸ், தகர வேலை, இன்ஜின், பெயிண்ட் என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். அந்தக் கட்டத்துக்கு வேண்டிய சாமானை மட்டும் கொடுத்து, மற்றவற்றை வீட்டில் வையுங்கள். பட்டறையில் தொலைவது பெரும்பாலும் குரோம் பட்டைகளும் விளக்கு வளையங்களும்தான். அவர்கள் சொல்லும் எஸ்டிமேட்டை ஒன்றரை மடங்காக்கி, அது உங்கள் கையில் உண்டா என்று பாருங்கள். அப்பா செலவழித்ததை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நடுச் சட்டங்கள் போயிருந்தால், அல்லது அந்தத் தொகை குடும்பத்தை அழுத்தும் என்றால், இன்னொரு ஹெரால்டு வைத்திருப்பவருக்கு மொத்தமாக விற்றுவிடுங்கள். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் மூலம் விசாரித்தால் அப்படிப்பட்டவர்களை எட்டலாம். உங்கள் அப்பா சேர்த்த பாகங்கள் வேறொரு வண்டியை ஓடவைக்கும்.

இரண்டில் எதுவானாலும் சாக்குகளைப் பிரித்தாக வேண்டும். அம்மாவையும் கூட உட்கார்த்திக்கொள்ளுங்கள், எந்த டின்னில் எதை வைத்தார் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் போட்டு, தகரத் துண்டில் எண் பொறித்துக் கட்டுங்கள். காகிதச் சீட்டை எண்ணெய் அழித்துவிடும். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அச்சிட்ட பிரதி வண்டியோடு போகட்டும். அசல் அம்மாவிடம் இருக்கட்டும்.