லைகர், டைகான், லிடைகான்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆண் சிங்கத்துக்கும் பெண் புலிக்கும் பிறக்கும் லைகர், பெற்றோர் இரண்டையும் விடப் பெரிதாக வளர்கிறதே, ஏன்?

பதில்: பெண் சிங்கம் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேரும். ஒரே ஈற்றில் வெவ்வேறு தகப்பன்களின் குட்டிகள் இருக்கலாம். தன் குட்டி மற்றதை முந்தி வளர்ந்தால் ஆணுக்கு லாபம். எல்லாவற்றையும் சுமக்கும் தாய்க்கு அது பெரும் பாரம். அதனால் தகப்பன் வழி வரும் சில மரபணுக்கள் வளர்ச்சியைத் தூண்ட, தாய் வழி வருபவை அடக்கும். தனித்து வாழும் புலியிடம் இந்த இழுபறி குறைவு. சிங்கத் தகப்பனின் தூண்டுதலை அடக்கப் புலித் தாயின் மரபணுக்களால் முடிவதில்லை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். கின்னஸில் பதிவான ஹெர்குலிஸ் என்ற லைகரின் எடை 418 கிலோ. அதன் படத்தைப் பார்த்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு குட்டியைத் தூக்கக் கொடுக்கும் இடங்களுக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: தகப்பன் புலி, தாய் சிங்கம் என்றால்?

பதில்: அது டைகான். பெற்றோரை விடப் பெரிதாவதில்லை. மேலே சொன்ன காரணத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கருஞ்சிறுத்தை எந்த இரண்டின் கலப்பு?

பதில்: கலப்பே இல்லை, அது சிறுத்தைதான். கருநிறமி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நீலகிரிப் பக்கம் பார்த்தவர்களைக் கேளுங்கள், வெயில் பட்டால் கறுப்புக்குள் புள்ளிகள் தெரியும்.

கேள்வி: லைகரும் சிங்கமும் மோதினால் எது ஜெயிக்கும்?

பதில்: இதுபோன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை.

கேள்வி: கோவேறு கழுதை மாதிரி இவையும் மலடுதானே?

பதில்: பாதி சரி. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. அங்கே குரோமோசோம்கள் ஜோடி சேர்வதிலேயே சிக்கல். சிங்கம், புலி இரண்டுக்கும் 38. ஆனாலும் ஆண் லைகர் மலடு, பெண் லைகர் குட்டி போடும். கலப்பினத்தில் எக்ஸ், ஒய் என இருவேறு பால் குரோமோசோம் கொண்ட பாலினமே முதலில் பாதிக்கப்படும் என்று உயிரியலாளர் ஹால்டேன் 1922-லேயே எழுதினார். கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் ருத்ராணி என்ற பெண் டைகான் ஆசியச் சிங்கத்தோடு சேர்ந்து குட்டிகள் ஈன்றது. அவைதான் லிடைகான்.

கேள்வி: அப்படியானால் சிங்கமும் புலியும் ஒரே சிற்றினம்தானே? கலந்து பிறந்த குட்டியும் குட்டி போட்டால் ஒரே சிற்றினம் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

பதில்: பள்ளியில் படித்தது ஒரு அளவுகோல், அது ஒன்றே போதாது. மகன்கள் மலடு என்றால் பாதி வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது. அப்புறம், 19-ஆம் நூற்றாண்டு வரை மத்திய இந்தியாவில் இரண்டும் வாழ்ந்தன. சிங்கம் புதர்வெளியில் கூட்டமாக, புலி அடர்காட்டில் தனியாக. காட்டில் பிறந்த லைகர் ஒன்றுக்குக்கூட உறுதியான பதிவு இல்லை. கூண்டுதான் இவற்றைச் சேர்த்தது.

கேள்வி (அதே நண்பர்): காட்டில் கலப்பே நடக்காது என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. வட அமெரிக்காவில் கனடா லின்க்ஸ், பாப்கேட் என்ற இரு பூனைக் குடும்ப விலங்குகள் காட்டிலேயே கலந்திருக்கின்றன. இயற்கையில் சிற்றினங்களுக்கு நடுவே மதில் கிடையாது. சிங்கத்துக்கும் புலிக்கும் நடுவே வாழ்க்கைமுறை நிற்கிறது. அதை நாம் கூண்டில் அடைத்து அழித்தோம்.

கேள்வி (அதே நண்பர்): புலிகள் குறையும்போது, பெண் லைகர் வழியாவது புலி ரத்தம் மிஞ்சட்டுமே?

பதில்: இதைத்தான் ஏற்கவே முடியாது. ஒரு பெண் புலி சுமார் மூன்றரை மாதம் சுமந்து, இரண்டு வருடம் வரை குட்டியோடு இருக்கும். அந்தக் காலத்தில் ஒரு லைகரை வளர்த்தால் ஒரு புலிக்குட்டி பிறக்காமல் போகிறது. பிறந்த லைகரைக் காட்டிலும் விட முடியாது. 1985-ல் இந்திய அரசு இந்தக் கலப்பை நிறுத்தியது, சரியான முடிவு.

கேள்வி: லைகர் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: தாய்லாந்து போகிறோம் சார். புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பால்குடி மறவாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால்தான் அது உங்கள் மடிக்கு வரும். பெரிதானதும் யாரும் மடியில் வைக்க மாட்டார்கள், கூண்டுக்குப் போகும், அடுத்த குட்டி வரும். அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.