விந்து தானத்துக்குப் பணம் வாங்குவது தவறா?

குழந்தை வேண்டுகிற வேறொருவருக்காக ஓர் ஆண் தன் விந்தணுவை மருத்துவமனையில் கொடுப்பதே விந்து தானம். பிரிட்டனில் இதற்கு விலை கொடுப்பது சட்டவிரோதம். இழப்பீடு மட்டும் உண்டு. 2024 அக்டோபர் முதல், ஒருமுறை வந்துபோவதற்கு 45 பவுண்டு வரை.

விலைக்கும் இழப்பீட்டுக்கும் என்ன வேறுபாடு? கல்யாண வீட்டில் சமையல்காரருக்குக் கூலி கொடுக்கிறோம். ஒத்தாசைக்கு வந்த உறவினருக்கு பஸ் செலவைத்தான் கொடுக்கிறோம். அதை வாங்கிக்கொள்வதில் குற்றமே இல்லை. ஆனால் தொகை பெரிதானால், பணமுடை உள்ளவருக்குத் தன் குடும்பத்தின் பரம்பரை நோயை மறைக்கத் தோன்றும்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிறக்கப்போகும் குழந்தைதான். அதனிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. 2005 ஏப்ரலுக்குப் பிறகு பிரிட்டனில் தானம் செய்தவர் யார் என்பதை, அப்படிப் பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டறியலாம். “ஏன் கொடுத்தீர்கள்?” என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது, “பணத்துக்காக” என்பது மட்டுமே பதிலாக இருக்கக் கூடாது.

பலர் அஞ்சுவதுபோல, அங்கே உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகக் கொடுத்தவர் சட்டப்படி தந்தை ஆகிவிடுவதில்லை. பிள்ளையின் வளர்ப்புச் செலவும் அவர்மேல் விழாது.