பெயர் பொருந்தினால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சி++இல் ஒரு சிறிய லைப்ரரி எழுதினேன். அதில் இரண்டு எண்களைக் கூட்டும் 'ஆட்' என்ற ஃபங்ஷனைப் பைத்தானில் சிடைப்ஸ் (சி லைப்ரரிகளைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் கருவி) வழியாகக் கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. லைப்ரரியில் உள்ள பெயர்களைக் காட்டும் என்எம் கட்டளை போட்டுப் பார்த்தால் பெயருக்கு முன்னும் பின்னும் ஏதேதோ ஒட்டியிருக்கிறது. எல்லா கம்பைலர்களும் ஒரே மாதிரி பெயர் வைத்துத் தொலைத்தால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அடிக்கோடு, இசட், 3, ஆட், அப்புறம் இரண்டு 'ஐ' என்று இருந்திருக்கும். லினக்ஸில் ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் அப்படித்தான் எழுதும். 3 என்பது ஆங்கிலப் பெயரின் எழுத்துக் கணக்கு. இரண்டு 'ஐ', இரண்டு இன்ட், அதாவது முழு எண்கள். டபுள் (தசம எண்) வாங்கும் இன்னொரு 'ஆட்' எழுதினால் அங்கே இரண்டு 'டி' வரும். சி++இல் ஒரே பெயரில் பல ஃபங்ஷன் வைக்கலாம். நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கரோ பெயரை மட்டுமே பார்க்கும். அதனால் வகையையும் பெயருக்குள்ளேயே திணிக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கேள்விக்குறியில் தொடங்கி வேறு மாதிரி திணிக்கும். ஃபோர்ட்ரான் மொழிக்கான ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் வாலில் ஓர் அடிக்கோட்டோடு விட்டுவிடும்.

உங்கள் சிக்கலுக்கு ஒரே வரிதான் மருந்து: ஃபங்ஷனுக்கு முன்னால் எக்ஸ்டர்ன் "சி" போடுங்கள். பெயர் வெறும் 'ஆட்' ஆகிவிடும்.

ஆனால் ஒரே மாதிரி பெயர் வேண்டும் என்ற ஆசையில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் பொருந்தாத பிழை உடனே கத்திவிடும், அது நல்ல பிழை. பெயர் பொருந்தி மற்றது பொருந்தாவிட்டால்தான் வம்பு. ஃபோர்ட்ரான் வழக்கமாக மதிப்பை வாங்காது, முகவரியைத்தான் வாங்கும். சி-யிலிருந்து நேராக 5 என்று அனுப்பினால், 5ஆம் முகவரிக்குப் போய்த் தேடி விழுந்து சாகும். விழுந்தால்கூடப் பரவாயில்லை. நான் ஒருமுறை பாயிண்டர் (நினைவக முகவரி) திருப்பித் தரும் ஃபங்ஷனைச் சிடைப்ஸில் கூப்பிட்டேன், திரும்பி வருவது என்ன வகை என்று சொல்லும் ரெஸ்டைப் எழுதவில்லை. எழுதாவிட்டால் வருவது இன்ட் என்று சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி போயிற்று. ஒரு கணினியில் ஓடியது, இன்னொன்றில் விழுந்தது. இரண்டு நாள் லைப்ரரியைக் குடைந்தேன்; தப்பு என் பைத்தான் வரியில் இருந்தது.

உங்கள் 'ஆட்' இன்ட் தருவதால் ரெஸ்டைப் இல்லாமலே தப்பிவிடும். டபுள் பதிப்பையும் வெளியே காட்டுவதானால் அதற்கு வேறு பெயர் தேடுங்கள், எக்ஸ்டர்ன் "சி" போட்டபின் ஒரே பெயரில் இரண்டைக் கம்பைலர் விடாது. அப்போது ஆர்க்டைப்ஸ் (உள்ளே போவது என்ன வகை என்று சொல்வது), ரெஸ்டைப் இரண்டையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.