ரெஸ்யூமே இருக்கும்போது கவர் லெட்டர் தனியா எதுக்கு?

கவர் லெட்டர்னா வேலைக்கு அப்ளை பண்றப்போ ரெஸ்யூமே கூட அனுப்புற ஒரு பக்க லெட்டர், இந்த வேலைக்கு நான் ஏன் சரியா வருவேன்னு சொல்றது, அவ்ளோதான். ரெஸ்யூமே என்ன படிச்சோம், எங்க வேலை பாத்தோம்னு மட்டும்தான் சொல்லும், ஏன்ங்கிற கேள்விக்கு அதுல இடமே இல்ல.

பொண்ணு வீட்டுக்கு ஜாதகம் போகுது, பொருத்தம்லாம் நல்லா இருக்கு, ஆனா பையன் ஏன் சிங்கப்பூர் வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்தான்னு ஜாதகத்துல இருக்காதுல்ல, கூட வர்ற மாமாதான் சொல்லணும். அந்த மாமா வேலைதான் கவர் லெட்டருக்கு.

சென்னைல அக்கவுண்ட்ஸ் பாத்தவரு ரெண்டு வருஷம் மதுரைல வீட்டோட இருந்துட்டு இப்ப மதுரை பக்கத்துல கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைல ஒரு கம்பெனிக்கு அப்ளை பண்றாருன்னு வைங்க, ரெஸ்யூமேல அந்த ரெண்டு வருஷம் வெறும் ஓட்டையாத்தான் தெரியும். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு வந்தேன், இப்ப தேறிட்டாரு, இனி மதுரைலதான் இருப்பேன், டேலி சாஃப்ட்வேர்ல கணக்கு எழுதி மாசாமாசம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் (ஜிஎஸ்டிஆர் 3பி) நானே ஃபைல் பண்ணிருக்கேன்"னு எழுதிட்டா ஓனருக்கு கூப்பிட்டு பேச ஒரு காரணம் கிடைச்சிரும். சின்ன கம்பெனில பெரும்பாலும் ஓனரே மெயில் பாப்பாரு, அங்கதான் இதுக்கு மதிப்பு ஜாஸ்தி. ஒரே பட்டன்ல ஆயிரக்கணக்கான பேரு அப்ளை பண்ற வேலைக்கு இது பெருசா எடுபடாது.

இதுக்கு பிரமாதமான இங்கிலீஷ் வேணும்னு நிறைய பேரு பயப்படுறாங்க, அப்படிலாம் இல்லங்க, நெட்ல எடுத்த லெட்டர்ல கம்பெனி பேர மட்டும் மாத்தி அனுப்புறத விட உங்க சொந்த வார்த்தைல நாலு வரி எவ்ளோவோ மேல்.